மும்பைத் தொட்டியில் பட்டினி கிடக்கும் கெட்டிக்கார மீன்

"மீனுக்கும் கண்ணாடியில் தன் முகம் தெரிகிறதாம்" என்ற செய்தி 2019 முதல் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது. ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கிய ஆய்வு 2022, 2023, 2024 என்று அடுத்தடுத்துக் கட்டுரைகளாக வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் செய்தி புதிதாகக் கிளம்பி வாட்ஸப் குழுக்களில் ஒரு சுற்று சுற்றும். சிலர் வாய் பிளப்பார்கள், சிலர் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், அதே மீன் மும்பையில் கடல்மீன் விற்கும் கடைகளில் "கிளீனர்" என்ற பெயரில் கிடைக்கிறது. செம்பூர், மாட்டுங்கா, முலுண்டு என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளிலும் வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைக்கும் ஆசை பரவியிருக்கிறது. "அண்ணா, இது பாசியெல்லாம் தின்னுடுமா?" என்று கேட்டு, கடைக்காரர் தலையாட்டியதை நம்பி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. சில வாரங்களில் மீன் வயிறு ஒட்டிச் செத்துப்போகிறது. என்ன தப்பு நடந்தது என்று வாங்கியவருக்குப் புரிவதில்லை.

கண்ணாடிச் செய்தியும் இந்தச் சாவும் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்களாகத் தெரியலாம். ஆனால் இரண்டுக்கும் விளக்கம் ஒரே இடத்தில் இருக்கிறது: பவளப்பாறையில் இந்த மீன் நாள் முழுக்கச் செய்யும் தொழிலில். அங்கிருந்து தொடங்குவோம்.

எந்த மீன் இது?

அறிவியல் பெயர் லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ். கடைகளில் கிளீனர் ராஸ் என்பார்கள். இந்தக் கட்டுரையில் துப்புரவு மீன் என்றே சொல்லலாம். செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கிப் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறை உள்ள வெப்பக்கடல்களில் பரவலாக வாழ்கிறது. நம் பக்கத்தில் லட்சத்தீவு, அந்தமான், மன்னார் வளைகுடா ஆகிய இடங்களில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு விரல் நீளம்தான். மிகப் பெரியதே 14 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.

மும்பைக் கரையில் இதைத் தேடிப் பயனில்லை. இங்கே கடல் சேறு கலங்கியது. ஹாஜி அலி, ஒர்லி பாறைகளில் சிறு பவளக் கூட்டங்கள் இருந்தன என்பதே கரையோரச் சாலைத் திட்டத்துக்காக 2020-இல் அவற்றை இடம் மாற்றியபோதுதான் நகரத்தில் பலருக்குத் தெரியவந்தது. மராத்திய மாநிலக் கடலில் பெரிய பவளத்திட்டு என்றால் அங்ரியா பேங்க். அது விஜயதுர்க் கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் முழுகிக் கிடக்கிறது. ஆகவே மும்பைவாசி இந்த மீனைப் பார்ப்பது பெரும்பாலும் கண்ணாடித் தொட்டிக்குள்தான்.

நிறமும் ஆட்டமும் எதற்கு?

வளர்ந்த மீனின் உடம்பைக் கவனித்துப் பாருங்கள். மூக்கு நுனியில் மெல்லிய கோடாகத் தொடங்கும் கறுப்புப் பட்டை கண்ணைத் தாண்டி, வாலை நோக்கிப் போகப் போக அகலமாகிக்கொண்டே போகும். முன்பக்கம் வெளிர் மஞ்சள் அல்லது வெள்ளை, பின்பக்கம் பளிச்சென்ற நீலம். குஞ்சுகள் வேறு மாதிரி இருக்கும். உடம்பு முழுக்கக் கறுப்பு, முதுகையொட்டி மின்னும் ஒரு நீலக் கோடு, அவ்வளவுதான்.

இது வெறும் அழகு என்று விட்டுவிட முடியாது. அட்லாண்டிக் பக்கம் கரீபியன் கடலில் இதே துப்புரவுத் தொழிலைச் செய்யும் கோபி மீன்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இருந்தும் அவற்றின் உடம்பிலும் நீளவாக்கில் ஒரு கறுப்புப் பட்டை, அதையொட்டி நீலமோ மஞ்சளோ. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகெங்கும் உள்ள துப்புரவு மீன்களின் நிறங்களை மற்ற மீன்களோடு ஒப்பிட்டது. துப்புரவு மீன்களிடம் நீலம் அதிகம் என்றும், பவளப்பாறைப் பின்னணியில் மற்ற மீன்களின் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரிகிறது என்றும் காட்டியது. மீன் வடிவப் பொம்மைகளுக்கு நிறம் தீட்டிக் கடலில் வைத்தபோதும் நீலப் பொம்மையிடம்தான் மீன்கள் அதிகம் வந்தன.

நிறத்தோடு நடையும் சேர்ந்துகொள்கிறது. துப்புரவு மீன் நேராக நீந்தி வராது. பின்னுடம்பை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கித் துள்ளித் துள்ளி வரும். தூரத்தில் நிற்கும் மீனுக்கும் "நான் இங்கே இருக்கிறேன்" என்று அது தெரிவிக்கிறது. பாறையில் மற்றச் சின்ன மீன்கள் பெரிய மீனைக் கண்டால் சந்து பார்த்து ஒளியும். இது மட்டும் எதிரே ஆடிக்கொண்டு போகிறது.

ஒரு துப்புரவு நிலையத்தில் நடப்பது

ஒவ்வொரு துப்புரவு மீனும் பாறையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை வைத்துக்கொள்கிறது. அதைத் துப்புரவு நிலையம் என்று சொல்கிறோம். மற்ற மீன்கள் அந்த இடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு தேடி வருகின்றன.

ஒரு கலவா மீன் வருவதாக வைத்துக்கொள்வோம். சின்ன மீன்களை ஒரே வாயில் விழுங்குகிற மீன் அது. நிலையத்துக்கு வந்ததும் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. வாயை அகலத் திறக்கிறது, செவுள் மூடிகளை விரிக்கிறது. துப்புரவு மீன் அதன் பக்கவாட்டில் செதில் செதிலாகப் பார்த்துக்கொண்டே போய், கன்னத்தைக் கொத்தி, நேராக வாய்க்குள் நுழைந்து, பல்லிடுக்கில் மேய்ந்து, செவுள் வழியாக வெளியே வருகிறது. கலவாவுக்குப் போதும் என்றானதும் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பும். உள்ளே இருக்கும் சின்ன மீன் உடனே வெளியேறும். பிறகுதான் கலவா வாயை மூடும்.

அஞ்சாளை, கிளிமீன், திருக்கை எல்லாம் இப்படி வருகின்றன. சில மீன்கள் தலைகீழாக நிற்கும். சில நவரை மீன்கள் நிறம் மாறி இளஞ்சிவப்பாகும். வெளிறிய உடம்பில் ஒட்டுண்ணி பளிச்சென்று தெரியும் என்பது அதற்கு ஒரு விளக்கம்.

ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் லிசர்ட் தீவில் நடந்த ஆய்வுகள் ஓர் அளவு சொல்கின்றன. ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. ஒரு நாளில் அது பரிசோதிக்கும் மீன் வருகைகள் 2,000-ஐத் தாண்டும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி விஷயத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

சாப்பாடு இரண்டு வகை, பிரச்சினை அங்கேதான்

வாடிக்கையாளர் மீனின் உடம்பில் துப்புரவு மீனுக்குக் கிடைக்கும் உணவு இரண்டு.

1. ஒட்டுண்ணிகள். முக்கியமாக நாத்தியிட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகளின் குஞ்சுகள். ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மீனின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிக்கொள்ளும்.

2. சளி. மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறதே, அந்தக் கொழகொழப்புப் படலம். கிருமிகளிலிருந்து மீனைக் காப்பது அதுதான். அதை உண்டாக்க மீன் தன் சத்தைச் செலவழிக்கிறது.

வாடிக்கையாளருக்கு வேண்டியது ஒட்டுண்ணி போக வேண்டும், அவ்வளவுதான். துப்புரவு மீனுக்கோ அதிகம் பிடித்தது சளி. இரண்டையும் எதிரில் வைத்துச் சோதித்தபோது சளியைத்தான் தேர்ந்தெடுத்தது. அப்படியென்றால் ஒவ்வொரு கடியிலும் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது: பிடித்ததைத் தின்று ஏமாற்றுவதா, பிடிக்காததைத் தின்று வாடிக்கையாளரைத் தக்கவைப்பதா? சளியைக் கடித்தால் வாடிக்கையாளரின் உடம்பு வெடுக்கென்று துடிக்கும். நீருக்கடியில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெளிவாகத் தெரியும். ஆய்வாளர்கள் ஏமாற்றுகளை எண்ணுவதே அந்தத் துடிப்பை வைத்துத்தான்.

ஏமாற்றினால் என்ன ஆகும்?

அது யாரை ஏமாற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஸ்விட்சர்லாந்தில் பணிபுரியும் ஆய்வாளர் ரெடுவான் பிஷாரியும் ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் அலெக்சாண்ட்ரா குருட்டரும் மற்றவர்களும் பல ஆண்டு உழைத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள்.

1. வழிப்போக்கு மீன்கள். பரந்த எல்லையில் சுற்றுபவை. ஒரு நிலையத்தில் கடிபட்டால் அடுத்த முறை வேறு நிலையத்துக்குப் போய்விடும். காக்க வைத்தாலும் போய்விடும். அதனால் துப்புரவு மீன் இவற்றுக்குத்தான் முதலில் வேலை செய்யும்.

2. உள்ளூர் மீன்கள். சின்ன எல்லைக்குள் வாழ்பவை, வேறு நிலையத்துக்குப் போக முடியாதவை. இவை காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கடித்தால் சும்மா விடாது, துரத்தும். துரத்தப்பட்ட துப்புரவு மீன் அடுத்த முறை அதே வாடிக்கையாளரிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

3. வேட்டை மீன்கள். கலவா, அஞ்சாளை மாதிரியானவை. இவற்றைத் துப்புரவு மீன் ஏமாற்றுவது மிக அரிது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

தாராவி 90 ஃபீட் ரோட்டில் ஒரு சலூன் வைத்திருப்பவர் இதை உடனே புரிந்துகொள்வார். புதிதாக உள்ளே எட்டிப் பார்ப்பவரை உட்கார வைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மாடி வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டு காத்திருப்பார், ஆனால் கிருதாவைக் கோணலாக வெட்டினால் அவரிடம் தப்ப முடியாது.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. காத்திருக்கும் மீன்கள் வேடிக்கை பார்க்கின்றன. எதிரில் ஒரு வாடிக்கையாளர் துடிப்பதைப் பார்த்தால் அந்தத் துப்புரவு மீனிடம் போகத் தயங்குகின்றன. 2006-இல் பரிசோதனை முறையில் இது நிரூபிக்கப்பட்டது. பார்வையாளர் இருக்கும்போது துப்புரவு மீனும் ஏமாற்றுவதைக் குறைத்துக்கொள்கிறது என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது.

அப்புறம், சமாதானப்படுத்தும் வழியும் அதற்குத் தெரியும். வாடிக்கையாளரின் முதுகில் தன் வயிற்றுப்பக்கத் துடுப்புகளால் வருடிக்கொண்டே நீந்தும். அந்த நேரம் அது எதையும் தின்பதில்லை, தின்னவும் முடியாது. கோபமாக இருக்கும் வாடிக்கையாளர் நிற்பதும், வேட்டை மீன் அமைதியாவதும் இதனால் நடக்கிறது. அசையும் பொம்மைத் துப்புரவு மீனை வைத்துச் சர்ஜன் மீன்களை வருடச் செய்தபோது, அவற்றின் உடம்பில் மன அழுத்த இயக்குநீரான கார்டிசால் குறைந்தது. அந்த ஆய்வும் 2011-ஆம் ஆண்டுதான்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். யார் வருகிறார், முன்பு வந்தவரா, போய்விடுவாரா, திருப்பி அடிப்பாரா, யார் பார்க்கிறார்கள் என்று நாளில் 2,000 முறைக்கு மேல் கணக்குப் போட வேண்டிய வாழ்க்கை இது. அதனால்தான் 2012-இல் ஒரு ஆச்சரியமான முடிவு கிடைத்தது. இரண்டு தட்டில் ஒரே மாதிரி உணவு. ஒன்று நிலையாக இருக்கும், இன்னொன்றை முதலில் தின்னாவிட்டால் எடுத்துவிடுவார்கள். எதை முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். வளர்ந்த துப்புரவு மீன்கள் இதில் கபுசின் குரங்கு, சிம்பன்சி, ஒராங்குட்டான் ஆகியவற்றைவிட நன்றாகச் செய்தன. குரங்குகளைவிட மீன் அறிவாளி என்று இதற்குப் பொருள் கிடையாது. போய்விடும் வாடிக்கையாளரை முதலில் கவனி என்பது இந்த மீனின் அன்றாடப் பாடம், சோதனை அதைத்தான் கேட்டது.

குடும்பம்

ஒரு ஆண், அதன் எல்லைக்குள் சில பெண்கள். எல்லா மீனும் பெண்ணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. உடம்பு அளவுதான் வரிசை. ஆண் செத்துப்போனால் பெண்களில் பெரியது சில மணி நேரத்தில் ஆணின் நடத்தையைத் தொடங்கிவிடும். இரண்டு, மூன்று வாரத்துக்குள் விந்து உற்பத்தி செய்யும் முழு ஆணாகிவிடும். 1972-இல் இதை முதலில் விரிவாக எழுதியவர் டி. ஆர். ராபர்ட்சன்.

தொழிலோடு இதற்கும் தொடர்பு உண்டு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே வாடிக்கையாளருக்கு வேலை செய்யும்போது பெண் சளியைக் கடித்து வாடிக்கையாளர் ஓடிவிட்டால், ஆண் அந்தப் பெண்ணைத் துரத்தித் தண்டிக்கிறது. அடுத்த தடவை பெண் அடக்கமாக நடந்துகொள்கிறது. 2010-இல் இது வெளியானது. உடம்பளவில் தன்னோடு போட்டிக்கு வருபவர் யார் என்று கவனிப்பது இந்த மீனுக்கு உயிர்ப் பிரச்சினை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

போலி

இவ்வளவு நம்பிக்கை உள்ள இடத்தில் போலி இல்லாமல் இருக்குமா? ஆஸ்பிடான்டஸ் டேனியேட்டஸ் என்ற பிளென்னி மீன் அச்சு அசல் துப்புரவு மீனாகவே இருக்கும். அதே கறுப்புப் பட்டை, அதே நீலம், அதே துள்ளல். நம்பி அருகில் வரும் மீனின் துடுப்பிலிருந்து ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். புழுக்கள், மற்ற மீன்களின் முட்டைகள் இவையும் அதன் உணவில் பெரும் பங்கு. பிரித்தறிய வாயைப் பாருங்கள். துப்புரவு மீனுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். போலிக்குத் தலையின் அடியில் இருக்கும். தொட்டிக்கு மீன் வாங்குபவர்கள்கூட இதில் ஏமாறுவதுண்டு.

கண்ணாடிச் சோதனை: என்ன செய்தார்கள்?

இப்போது செய்திக்கு வருவோம். 1970-இல் கார்டன் கேலப் சிம்பன்சிகளிடம் தொடங்கிய சோதனை இது. விலங்குக்குத் தெரியாமல் அதன் முகத்தில் ஒரு குறி வைப்பார்கள். கண்ணாடியைக் காட்டுவார்கள். கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தில் உள்ள குறியைத் தொட்டால், தெரிவது தான்தான் என்று அதற்குப் புரிகிறது என்பது வாதம்.

மீனுக்குக் கை இல்லை. ஒசாகாவில் மசனோரி கோடாவின் குழு செய்தது இப்படி:

1. தொட்டியில் கண்ணாடி வைத்தார்கள். முதலில் மீன்கள் பிம்பத்தை வேறொரு மீன் என்று நினைத்து மோதின.

2. சில நாளில் மோதல் குறைந்தது. அதற்குப் பதில் கண்ணாடி முன் விசித்திரமான அசைவுகள். தலைகீழாக நீந்துவது, பாய்ந்து நிற்பது. பிம்பமும் கூடவே செய்கிறதா என்று சோதிப்பதாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

3. அதன் பிறகு அமைதியாக நின்று பார்த்தன.

4. மயக்க மருந்து கொடுத்து, தொண்டைக்குக் கீழே தோலில் நிறக் குறி வைத்தார்கள். கண்ணாடி இல்லாமல் அந்த இடம் மீனின் கண்ணுக்குத் தெரியாது.

5. கண்ணாடியில் பார்த்த பிறகு மீன் போய்த் தொண்டையைத் தரையில் தேய்த்தது. நிறமற்ற குறி வைத்தபோது தேய்க்கவில்லை. நிறக் குறி இருந்தும் கண்ணாடி இல்லாதபோதும் தேய்க்கவில்லை.

2019 கட்டுரையில் சோதித்த நான்கில் மூன்று மீன்கள் தேறின. எண்ணிக்கை குறைவு என்று கடும் விமர்சனம் வந்தது. கேலப்பே ஏற்கவில்லை. குரங்கின ஆய்வாளர் ஃபிரான்ஸ் டி வால், சுய உணர்வை இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல் படிப்படியானதாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

2022-இல் வந்த பதில்தான், என் பார்வையில், இந்த வரிசையில் மிக முக்கியமானது. பழுப்புக் குறி வைத்தபோது 18 மீன்களில் 17 தேய்த்தன. பச்சை, நீலக் குறி வைத்தபோது தேய்க்கவில்லை. ஏன்? பழுப்புப் புள்ளி இந்த மீனின் கண்ணுக்கு ஒட்டுண்ணி. வாழ்நாள் முழுக்க அது தேடிக்கொண்டிருப்பதே அதைத்தான். நீலப் புள்ளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

2023-இல் புகைப்படங்களை வைத்துச் சோதித்தார்கள். கண்ணாடி பழகிய மீன்கள் தம் சொந்தப் படத்தைத் தாக்கவில்லை, வேறு மீனின் படத்தைத் தாக்கின. தன் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிக் காட்டினாலும் தாக்கவில்லை. முகத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது என்று முடிவு செய்தார்கள். 2024-இல் இன்னொன்று: கண்ணாடி பார்ப்பதற்கு முன், தன்னைவிடப் பத்து சதவீதம் பெரிய மீன் படத்தையும் சிறிய மீன் படத்தையும் ஒரே மாதிரி தாக்கிய மீன்கள், கண்ணாடி பார்த்த பிறகு பெரிய படத்தோடு மோதுவதைத் தவிர்த்தன.

இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது?

செய்தித் தலைப்புகள் "மீனுக்குச் சுய உணர்வு உண்டு" என்று ஒரே போடாகப் போடுகின்றன. நிதானமாகப் பார்த்தால் கிடைப்பது இவ்வளவு:

1. கண்ணாடியில் தெரியும் உடம்பும் தன் உடம்பும் ஒன்று என்பதை இந்த மீன் பயன்படுத்திக்கொள்கிறது. இதற்கு ஆதாரம் இப்போது வலுவாகவே இருக்கிறது.

2. மனிதர் போலத் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறது என்பதற்குக் கண்ணாடிச் சோதனை ஆதாரம் ஆகாது.

3. எல்லா மீனுக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. உடம்பில் உள்ள புள்ளியைக் கூர்ந்து பார்ப்பது, தனித்தனி முகங்களை நினைவில் வைப்பது, உடம்பளவைக் கணக்கிடுவது என்று சோதனை கேட்கும் திறமைகள் எல்லாம் இந்த மீனின் தொழிலும் குடும்பமும் ஏற்கெனவே பழக்கியவை.

இந்தக் கெட்டிக்காரத்தனம் வாடிக்கையாளர் கூட்டத்தால் வளர்ந்தது என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. லிசர்ட் தீவில் புயல்களுக்கும், கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழந்த 2016 பவள வெளிறலுக்கும் பிறகு துப்புரவு மீன்களின் எண்ணிக்கை சுமார் 80 சதவீதம் சரிந்தது. மிஞ்சியவற்றைச் சோதித்தபோது, முன்பு அங்கிருந்த மீன்கள் எளிதாகத் தேறிய சோதனைகளில் இவை தடுமாறின. வழிப்போக்கரை முதலில் கவனிப்பது, பார்வையாளர் முன் அடக்கமாக இருப்பது இரண்டிலும் சறுக்கல். கூட்டம் குறைந்தால் கணக்குக்குத் தேவையும் குறைகிறது. அதைத்தான் இது காட்டுகிறது.

சரி, மும்பைத் தொட்டியில் என்ன நடக்கிறது?

இதுவரை சொன்னதை வைத்தே இதைக் கணக்கிடலாம்.

முதலில், இது பாசி தின்னாது. தொட்டிக் கண்ணாடியைத் துடைக்காது. அடியில் தங்கும் கழிவைத் தொடாது. நன்னீர்த் தொட்டியில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேயும் சக்கர் மீனோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இது சுத்தம் செய்வது மற்ற மீனின் உடம்பை.

அடுத்து, நூறு, இருநூறு லிட்டர் தொட்டியில் ஐந்தாறு மீன்கள் இருக்கும். ஒரு நாளுக்கு 1,200 ஒட்டுண்ணிக்கு எங்கே போவது? நல்ல தொட்டியில் ஒட்டுண்ணியே இருக்காது. அப்போது மீதி இருப்பது சளி ஒன்றுதான். கடலில் கடிபட்ட மீன் வேறு நிலையத்துக்குப் போகும். தொட்டியில் போக இடமில்லை. ஒரே மீனைத் திரும்பத் திரும்பத் துரத்திக் கொத்திக்கொண்டிருப்பதையும், கொத்துப்பட்ட மீன் மூலையில் ஒதுங்கி, சளி போன இடத்தில் புண் பிடிப்பதையும் தொட்டி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். மீன் கோபத்தில் செய்கிறது என்று நினைக்கத் தோன்றும். அது பசி.

சில மீன்கள் உறைய வைத்த இறால் துணுக்குகளைத் தின்னப் பழகிக்கொள்கின்றன. பெரும்பாலானவை பழகுவதில்லை, மெலிந்து சாகின்றன. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகிய உடம்புக்குக் காலை, மாலை என்று இரண்டு வேளைத் தீனி போதாது.

வெண்புள்ளி நோய்க்கு மருந்தாக இதை வாங்குவதும் வீண். அந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் தோல் படலத்துக்கு அடியில் புதைந்திருக்கும். துப்புரவு மீனால் அதைக் கொத்தி எடுக்க முடியாது. நோயுற்ற மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுப்பதுதான் வழி. தாமிர மருந்தைப் பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் ஊற்றினால் அவை செத்துவிடும், ஆகவே தனித் தொட்டி கட்டாயம்.

கடலில் என்ன நடக்கிறது?

கடைகளுக்கு வரும் துப்புரவு மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மண்டபம், விழிஞ்ஞம் ஆகிய இடங்களில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வெற்றிகரமாகச் செய்து, வளர்ப்பவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. துப்புரவு மீனுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை.

ஒன்றை எடுத்தால் போவது ஒரு மீன் மட்டும்தானா? லிசர்ட் தீவில் சில சிறு பவளத்திட்டுகளிலிருந்து எட்டரை ஆண்டு விடாமல் துப்புரவு மீன்களை அகற்றிப் பார்த்தார்கள். அகற்றாத திட்டுகளோடு ஒப்பிட்டால், அங்கே உள்ளூர் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதமும் இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதமும் குறைவாக இருந்தது. 2011-இல் வெளியான முடிவு இது. விரல் நீள மீன் ஒன்று இல்லாததால் ஒரு திட்டின் மீன் கூட்டமே மெலிந்துபோகிறது.

நம் பவளப்பாறைகள் ஏற்கெனவே வெப்பத்தால் அடிவாங்கியவை. லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என்று மீண்டும் மீண்டும் வெளிறல். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள மன்னார் வளைகுடா 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டும், வெளிறலிலிருந்து தப்பவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் துப்புரவு மீன்களைப் பிடித்து விற்பது மிஞ்சியிருக்கும் மீன்களுக்கும் கெடுதல். இதை வாங்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு, தொட்டியில் அது சாகிறது என்பதைவிட இதுதான் பெரிய காரணம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. "இது பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா?" கோமாளி மீனிலும் சில கோபி இனங்களிலும் பண்ணை மீன் கிடைக்கிறது. அதையே வாங்குங்கள்.

2. "இப்போது என்ன தீனி தின்கிறது, எதிரில் போட்டுக் காட்ட முடியுமா?" எந்தக் கடல் மீனுக்கும் இது பொருந்தும். தின்று காட்டாத மீனை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

3. பாசிதான் பிரச்சினை என்றால் நத்தை கேளுங்கள், விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள், தண்ணீரில் நைட்ரேட் அளவைச் சோதியுங்கள்.

4. மற்ற மீனின் உடம்பைச் சுத்தம் செய்ய ஏதாவது வேண்டுமென்றால் துப்புரவு இறால் ஒன்று போதும். மீன்களுக்குப் போடும் தீனியை அதுவும் தின்னும், பட்டினி கிடக்காது.